‘கோவிட் பிள்ளைகள்’ என்று இனியும் சொல்லாதீர்கள்!



நெடுநாளாக மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இன்று எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். இதைப் படித்துவிட்டுச் சிலர் என்மீது வருத்தப்படக்கூடும். வருத்தப்படுங்கள், ஆனால் முழுவதும் படித்துவிட்டு வருத்தப்படுங்கள் என்று மட்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

2025-இல் நடந்த ஓர் ஆசிரியர் கூட்டம். இரண்டாம் ஆண்டு மாணவர்களில் பலர் இன்னும் எழுத்துக்கூட்டி வாசிக்கவே தடுமாறுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. என்ன செய்யலாம் என்று தலைமையாசிரியர் கேட்டார். “அவங்கள்லாம் கோவிட் பிள்ளைங்க சார், நாம என்ன செய்ய முடியும்?” என்றார் ஒருவர். அனைவரும் தலையசைத்தோம். நானும் அசைத்தேன். கூட்டம் அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டது.

வீடு திரும்பிய பிறகுதான் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன். அந்த இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் 2017-இல் பிறந்தவர்கள். நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த நாள் 2020 மார்ச் 18. அன்று அவர்களில் பலருக்கு மூன்று வயதுகூட நிறைந்திருக்காது. பாலர் பள்ளியின் வாசலையே மிதிக்காத பிள்ளைகள்! நாடு மெல்ல வழக்க நிலைக்குத் திரும்பிய பின்னர்தான் அவர்கள் பாலர் வகுப்பில் வந்து அமர்ந்தார்கள். பிறகு எப்படி அவர்கள் ‘கோவிட் பிள்ளைகள்’ ஆனார்கள்?

ஆக, அந்தச் சொல் ஒரு காரணத்தைக் குறிக்கும் சொல்லாக இல்லை. நம் கையைக் கழுவிக்கொள்ள உதவும் சொல்லாகிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் கைகழுவக் கற்றுக்கொண்டோம் அல்லவா? அந்தப் பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்

பிறரைக் குறை சொல்வதற்கு முன்பு என் கணக்கைத் தீர்த்துக்கொள்வதுதான் முறை.

2020-இல் நான் முதலாம் ஆண்டு வகுப்பாசிரியர். இருபத்திரண்டு பிள்ளைகள். பள்ளி தொடங்கி இரண்டரை மாதத்தில் கதவு மூடப்பட்டது. அப்போது நாங்கள் உயிரெழுத்து, மெய்யெழுத்து முடித்து, உயிர்மெய்யில் இகர, ஈகார வரிசை வரை வந்திருந்தோம். அடுத்த வாரம் உகர வரிசை. பாட அட்டைகள்கூட வெட்டி வைத்திருந்தேன்.

தமிழ் கற்பிப்பவர்களுக்குத் தெரியும், உகர வரிசை என்பது ஒரு மேடு. கால் போட்டால் ஆகாரம், மேலே சுழித்தால் இகரம் என்று அதுவரை ஒரே முறையில் வந்துகொண்டிருந்த எழுத்துகள், அங்கே வந்ததும் ஆளுக்கொரு வடிவம் எடுத்துவிடும். கு ஒரு விதம், சு ஒரு விதம், து ஒரு விதம், மு ஒரு விதம். ஊகாரம் வந்தால் இன்னும் குழப்பம். ஆசிரியர் பக்கத்தில் நின்று, கையைப் பிடித்து எழுத வைத்து, ஒவ்வொரு பிள்ளையாக வாயைத் திறந்து சொல்ல வைத்துத்தான் அந்த மேட்டை ஏற்ற வேண்டும். நான் என்ன செய்தேன்? புலனக் குழுவில் ஒரு காணொலியையும் பயிற்சித்தாள்களையும் அனுப்பி வைத்தேன். அனுப்பிவிட்டேன் என்று அறிக்கையும் எழுதினேன்.

இருபத்திரண்டு பேரில் ஒன்பது அல்லது பத்து வீடுகளிலிருந்துதான் பதில் வரும். ஒரு சிறுமியின் வீட்டிலிருந்து மட்டும் ஒரு நாள் தவறாமல் வரும். புதிய தட்டைக் கணினி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அச்சடித்தாற்போன்ற கையெழுத்து, ஒரு பிழை இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு இப்படி எழுத வராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அது அந்தப் பிள்ளையின் அக்காள் எழுதியது என்றும் தெரியும். தெரிந்தே நட்சத்திரம் போட்டேன். பெற்றோர் மகிழ்ந்தார்கள், அறிக்கை நிறைந்தது, மேலிடம் மகிழ்ந்தது.

இன்னொரு பையனின் வீட்டிலிருந்து நான்கு மாதமும் ஒன்றுமே வரவில்லை. ‘தொடர்பில் இல்லை’ என்று மூன்று முறை எழுதி வைத்தேன்.

2020 ஜூலை 22-ஆம் நாள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து வாசிக்கச் சொன்னேன். நட்சத்திரம் வாங்கிய சிறுமி ‘பட்டம்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ‘தொடர்பில் இல்லாத’ பையனோ பாடநூலை எடுத்துப் பக்கம் பக்கமாக வாசித்தான். நாங்கள் தொடாத பாடங்களையும் வாசித்தான். நிறுத்தச் சொன்ன பிறகும் வாசித்தான்!

ஒரு பாட்டியின் காது

அந்தப் பையனின் அம்மா ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஊரே அடங்கிக் கிடந்தபோது அவருக்கு மட்டும் ஓய்வில்லை. உலகம் பயன்படுத்தும் ரப்பர் கையுறைகளில் பாதிக்கும் மேல் மலேசியாவிலிருந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. பன்னிரண்டு மணி நேர வேலை. வீட்டில் இருந்தது ஒரே ஒரு திறன்பேசி. அதுவும் அவரோடு வேலைக்குப் போய்விடும். பிறகு எப்படி என் காணொலி அந்தப் பையனை எட்டும்?

வீட்டில் இருந்தவர் பாட்டி. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம் முதலாளிகளைக் கட்டாயப்படுத்தியது. அப்படிப் பெயருக்கு நடந்து வந்த பள்ளிகளின் தொடர்ச்சிதான் அந்தப் பாட்டி படித்த தோட்டப் பள்ளியும். நான்காம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. தோட்டம் செம்பனைக்கு மாறியதும் குடும்பம் ஈப்போவுக்கு வந்து, புந்தோங் வட்டாரத்தில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் ஒண்டிக்கொண்டது.

பள்ளிக்கு வந்த பாட்டியிடம், “எப்படிம்மா சொல்லிக் கொடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“நான் என்னத்த டீச்சர் சொல்லிக் குடுத்தேன்? எனக்குக் கண்ணு தெரியல. அவனப் படிக்கச் சொல்லிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன். தப்பாப் படிச்சா, திரும்பப் படிடான்னு சொல்வேன்.”

“கண்ணு தெரியாம, தப்புன்னு எப்படிம்மா தெரியும்?”

“அர்த்தம் வராதே டீச்சர்!”

கண்புரை. அறுவைக்கு நாள் குறித்திருந்தார்களாம். பெருந்தொற்றால் தள்ளிப் போய்விட்டதாம். பாட்டிக்கு நாளிதழில் யார் இறந்தார்கள் என்று தெரிய வேண்டும். நாள்காட்டித் தாளில் இராகுகாலம் எப்போது என்று தெரிய வேண்டும். வாசித்துச் சொல்ல வீட்டில் அந்தப் பொடியனைத் தவிர வேறு ஆளில்லை. அவன் வாசிக்கவில்லை என்றால் அந்த வீட்டில் ஒரு வேலை நிற்கும். ஆகவே அவன் வாசித்தான். உகர வரிசை மேட்டையும் பாட்டியின் காதைப் பிடித்துக்கொண்டே ஏறிவிட்டான்.

ஒரு பிள்ளையை வைத்து உலகத்துக்குச் சட்டம் வகுக்க நான் வரவில்லை. ஆனால் இருபத்திரண்டு வீடுகளில் நான் எதிர்பார்க்காத ஒரு வீட்டில் அது நடந்தது ஏன் என்று சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஈப்போ மறந்துவிட்ட ஒரு பாடம்

இங்கே நம் பேராக் மாநிலத்துக் கதை ஒன்றை நினைவூட்ட வேண்டும். இளைய ஆசிரியர்கள் பலருக்கு இது தெரியாது.

1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவைச் சுற்றிய கிந்தாப் பகுதியில் ஒரு மூளைக் காய்ச்சல் பரவத் தொடங்கியது. நான் அப்போது ஐந்தாம் படிவ மாணவி. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல்தான் அது என்று முடிவு கட்டினார்கள். அப்படி எண்ணக் காரணமும் இருந்தது. சில நோயாளிகளின் குருதியில் அந்த நோய்க்கான அடையாளம் தென்பட்டது. புகையடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். எங்கள் வீட்டுக் கூரைவரை புகை எழும்பியது இன்றும் கண்ணில் நிற்கிறது. தண்ணீர்த் தொட்டியை மூடி வைத்துவிட்டு, இனிப் பயமில்லை என்று இருந்தோம்.

ஆனால் நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் சிறு பிள்ளைகளைத் தாக்குவது. இதுவோ பன்றிப் பண்ணைகளில் வேலை செய்த பெரியவர்களைத் தாக்கியது. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளை ஏற்றிச் சென்ற வண்டிகளோடு நோய் நெகிரி செம்பிலானுக்கும் போனது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் நச்சுயிரி ஆய்வில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், 1999 மார்ச் மாதத்தில் இது வேறு ஒரு புதிய நச்சுயிரி என்று கண்டுபிடித்தார். நெகிரி செம்பிலானில் உள்ள சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அதற்கு ‘நிப்பா’ என்று பெயரிட்டார்கள். பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்கும் வந்த நோய் அது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்த பிறகே அது ஓய்ந்தது. நம் நாட்டில் 265 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 105 பேர் மாண்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? புகையடித்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். இரவு பகலாக உழைத்தார்கள். ஆனால் நோய்க்குத் தவறான பெயரைச் சூட்டிவிட்டதால், அந்த உழைப்பு நோயின் பக்கமே போகவில்லை. எல்லாம் செய்தாகிவிட்டது என்ற நிறைவு மட்டும் மிஞ்சியது. தவறான பெயர் வைப்பதில் உள்ள கேடு அதுதான்.

2020-க்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகளில் நாம் செய்ததும் அதே புகையடிப்புதான்.

கருவி இல்லை என்றோம், கருவி வந்தது. பிறகு?

கருவிப் பற்றாக்குறை பொய் என்று நான் சொல்லவில்லை. 2020-இல் கல்வி அமைச்சு ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மாணவர்களின் பெற்றோரிடம் எடுத்த கணக்கில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிய வந்தது. 2021-ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்க 150 மில்லியன் ரிங்கிட் என்று அறிவித்தார்கள். 2021 பிப்ரவரியில் கல்வி அமைச்சின் தொலைக்காட்சியும் தொடங்கியது. நம் சமுதாயத்திலும் நல்ல உள்ளங்கள் கைப்பணம் போட்டுத் தட்டைக் கணினி வாங்கித் தந்தார்கள். அவர்களுக்கு என் வணக்கம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பதாகை கட்டி, மாலை போட்டு, படம் பிடித்துக் கொடுத்த அந்தக் கருவிகளைப் பிள்ளைகள் வாசிக்கப் பயன்படுத்தினார்களா என்று ஒரு முறையாவது திரும்பி வந்து பார்த்தோமா? எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அவை மின்கலம் செத்துப் போய் அலமாரியில் கிடக்கின்றன. இன்னும் சில வீடுகளில் அவை விளையாட்டுப் பெட்டியாகவும், சோறு ஊட்டும் கருவியாகவும் ஆகிவிட்டன. பிள்ளைக்குத் திரை கிடைத்தது. அவன் வாசிப்பதைக் கேட்க ஒரு காது கிடைக்கவில்லை.

மேலும், வாசிப்புத் தடுமாற்றம் பெருந்தொற்றோடு பிறந்த பிள்ளையா? இல்லையே! 2010-இல் இந்த நாடு ‘லைனஸ்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது நமக்கு மறந்துவிட்டதா? தொடக்கப் பள்ளியில் மூன்றாண்டு முடித்தும் எழுத்தும் எண்ணும் கைவராத பிள்ளைகள் இருந்ததால்தானே அந்தத் திட்டம்? அப்போது எந்தத் தொற்று இருந்தது? அந்நாளில் ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். என்ற தேர்வு ஒன்று இருந்தது. அதற்காக மாதிரிக் கட்டுரைகளை மனப்பாடம் செய்ய வைத்தோம். ‘ஏ’ எண்ணிக்கையை வாயிலில் எழுதித் தொங்கவிட்டோம். 2020-ஆம் ஆண்டுத் தேர்வு நடக்கவில்லை. 2021-இல் அதை அடியோடு நீக்கிவிட்டார்கள். மூடியைத் திறந்ததும் உள்ளே இருந்தது தெரிந்தது. தெரிந்ததற்கு நாம் வைத்த பெயர் ‘கோவிட்’.

ஐந்து ஆண்டுகள் சுமந்த ஒரு சொல்

இனி, என்னைத் தூங்கவிடாமல் செய்த செய்திக்கு வருகிறேன்.

2025-இல் எனக்கு ஆறாம் ஆண்டுத் தமிழ்மொழி கொடுத்தார்கள். 2020-இல் நான் முதலாம் ஆண்டில் வரவேற்ற அதே பிள்ளைகள்! பாட்டியின் பேரன் இருந்தான். தட்டைக் கணினிச் சிறுமியும் இருந்தாள். அவளை இரண்டாம் ஆண்டு ஆசிரியர் ஒருவர் விடாப்பிடியாக அமர்த்தித் தேற்றியிருந்தார். கடைசி வரிசையில் இன்னொருவன். அமைதியான பையன். வகுப்பே சேர்ந்து வாசிக்கும்போது அவன் வாயும் அசையும். தனியாக எழுப்பினால் குரல் வராது.

அவனுடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் ஆண்டு ஆசிரியர் எழுதியிருந்தார்: ‘கோவிட்’. நான்காம் ஆண்டு: ‘கோவிட் பாதிப்பு’. மூன்றாம் ஆண்டிலும் அதுவே. பின்னால் புரட்டிக்கொண்டே போனேன். முதலாம் ஆண்டின் இறுதிக் குறிப்பு: ‘நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தால் பாதிக்கப்பட்ட மாணவன். வாசிப்பில் பின்தங்கியுள்ளான்.’ அது என் கையெழுத்து.

நான் எழுதிய ஒரு வரியை நான்கு ஆசிரியர்கள் வழிமொழிந்திருக்கிறார்கள். யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் யாரும் அவனைத் தனியாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டதாக ஒரு குறிப்பும் இல்லை. வகுப்புசார் மதிப்பீட்டில் மட்டும் ஆண்டுதோறும் அடைவுநிலை 3 என்று வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை சபைகூடலுக்கு முன்பு அவனை நடைக்கூடத்தில் அமர்த்தி வாசிக்கச் சொன்னேன். அவசரப்படுத்தாமல் கேட்டேன். அகர, ஆகார, இகர, ஈகார எழுத்துகளில் தடையே இல்லை. உகரம் வந்ததும் நின்றான். கு-வுக்கும் கூ-வுக்கும் வேறுபாடு தெரியவில்லை. து-வைத் தாண்டினால் மூ-வில் விழுந்தான். ‘கொடு’ என்பதை ‘கெ’ என்றும் ‘கா’ என்றும் பிரித்துத் திணறினான்.

புரிகிறதா? 2020 மார்ச் மாதம் நான் எங்கே பாடத்தை நிறுத்தினேனோ, சரியாக அங்கேயே அவன் நின்றுகொண்டிருந்தான். ஐந்து ஆண்டுகள்! அடுத்த வாரம் நடத்த வேண்டியிருந்த அந்தப் பாடத்தை அவனுக்கு யாருமே நடத்தவில்லை. மனப்பாடத்தாலும் ஊகத்தாலும் வாயசைப்பாலும் ஆறாம் ஆண்டு வரை வந்து சேர்ந்திருக்கிறான்.

நாள்தோறும் பதினைந்து நிமிடம் அமர்ந்தோம். பழைய உகர வரிசை அட்டைகளைத் தேடி எடுத்தேன். பதினொரு வாரத்தில் அவன் முன்பின் பார்க்காத ஒரு பத்தியைத் துணையின்றி வாசித்தான். மெதுவாகத்தான் வாசித்தான். பதினொரு வாரத்தால் ஐந்து ஆண்டுகளை ஈடுகட்டிவிட முடியாது. ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போதும் அவன் மெதுவாகத்தான் வாசித்தான். அங்கே எல்லாப் பாடமும் வேறு மொழியில். அந்த வேகத்தில் அவன் எப்படிச் சமாளிக்கிறானோ என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டாம் ஆண்டிலேயே யாராவது, “எந்த எழுத்தில் நிற்கிறாய் தம்பி?” என்று கேட்டிருந்தால் சில வாரங்களில் முடிந்திருக்கும் வேலை. அவனுக்கு வந்தது உகர வரிசை தெரியாமை. நாங்கள் வைத்த பெயர் கோவிட்.

எதிர்ப்புரைகளுக்கு என் மறுமொழி

“அப்படியானால் பெருந்தொற்றால் பாதிப்பே இல்லை என்கிறாயா?” என்று கேட்பீர்கள். இல்லை என்று எப்படிச் சொல்வேன்? 2020 ஏப்ரலில் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தார்கள் என்று யுனெஸ்கோ சொன்னது. நம் நாட்டில் அந்த ஆண்டு நவம்பர் 9-இல் மறுபடியும் மூடினார்கள். 2021 ஜனவரி 20-இல் புதிய தவணையே வீட்டில்தான் தொடங்கியது. மார்ச்சில் திறந்து, இடையில் மறுபடியும் மூடி, அக்டோபரில்தான் கட்டங்கட்டமாகத் திறந்தார்கள். பாதிப்பு மெய். மெய் என்பதால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் எங்கே பாதிப்பு, எந்த எழுத்தில், எந்த வாய்பாட்டில் என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். வயிற்று வலி என்று வந்த அனைவருக்கும் ‘வயிறு’ என்று எழுதி அனுப்பும் மருத்துவரை நீங்கள் ஏற்பீர்களா?

“ஆசிரியர்களுக்கு நேரம் ஏது?” என்று என் உடன் ஆசிரியர்கள் கேட்பார்கள். கோப்புகளும் இயங்கலைப் பதிவுகளும் போட்டிகளும் நம்மைத் தின்கின்றன என்பதை நான் அறிவேன். நானும் அதே சேற்றில்தான் நிற்கிறேன். ஆயினும் கணக்குப் போடுங்கள். இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு நிமிடம். நாற்பத்து நான்கு நிமிடம். அதை ஐந்து நாளுக்குப் பகிர்ந்தால் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம்கூட வராது. நம் மாநிலத்தில் உள்ள 134 தமிழ்ப்பள்ளிகளில் பல, மாணவர் எண்ணிக்கை குறைந்த சிறிய பள்ளிகள். ஒரு வகுப்பில் ஐந்து பேர், ஏழு பேர் இருக்கும் இடமும் உண்டு. அங்கேயும் ஒரு பிள்ளை வாசிக்காமல் ஆறாம் ஆண்டைக் கடந்தால் எந்த நச்சுயிரியின்மீது பழி போடுவது?

“எல்லா வீட்டிலும் அந்தப் பாட்டி இருப்பாரா?” என்று பெற்றோர் கேட்பீர்கள். நேர்மையான கேள்விதான். 2021 ஜூலையில் சோற்றுக்கு வழியில்லாமல் வாசலில் வெள்ளைக் கொடி கட்டிய குடும்பங்களை நாம் பார்த்தோம். இரண்டு வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் அம்மாவிடம், பிள்ளைக்கு இலக்கணம் சொல்லிக் கொடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். அது என் வேலை. நான் கேட்பது ஒன்றே. காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் விளங்காவிட்டால், “திரும்பப் படி” என்று சொல்லுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் தமிழ் கேட்கத் தெரியும் அல்லவா? அது போதும்.

அதோடு இன்னொன்று. வீட்டுப்பாடத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். பிழையோடு பிள்ளை எழுதிய தாள் எனக்கு வழி காட்டும். நீங்கள் எழுதிய அழகான தாள் என்னை ஏமாற்றும். 2020-இல் நாம் இருவரும் சேர்ந்து ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டோம். இடையில் ஏமாந்தது பிள்ளை.

முடிவாக...

தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு என்று ஒவ்வோர் ஆண்டும் சுவரொட்டி ஒட்டுகிறோம், வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்கிறோம். பதிவு குறைகிறது என்று கண்ணீர் வடிக்கிறோம். நம்மைத் தேர்ந்தெடுத்து வந்த பிள்ளையைத் தமிழில் ஒரு பத்தி வாசிக்கத் தெரியாமல் அனுப்பி வைத்தால், அடுத்த ஆண்டு அவன் தம்பியை எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எனக்குக் கற்பித்த விரிவுரைஞர் ஒருவர், பிள்ளை வாசிக்கும்போது ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வார். அப்போது நாங்கள் சிரித்தோம். இருபது ஆண்டுக்கும் மேல் பணியாற்றி, ஒரு பெருந்தொற்றையும் கடந்து, கண் தெரியாத ஒரு பாட்டி செய்து காட்டிய பிறகுதான் அதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஆசிரியர்களே, நாளை காலை வகுப்பில் கடைசி வரிசையில் வாயசைக்கும் பிள்ளையைத் தனியாக அழையுங்கள். ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். எந்த எழுத்தில் நிற்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவனுடைய கோப்பில் ‘கோவிட்’ என்று இருந்தால் அதை அடித்துவிட்டு அந்த எழுத்தை எழுதுங்கள். பெற்றோர்களே, இன்றிரவு ஒரு பக்கம் கேளுங்கள்.

நானும் கேட்கிறேன். இந்த ஆண்டு என் வகுப்பில் இன்னும் நான்கு பேர் மீதம் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஈப்போவிலிருந்து ஒரு தமிழாசிரியை